ஸ்லெண்டர் மேன் (2018): இவ்வளவு நல்ல கரு கையில் இருந்தும் ஏன் பயமே வரவில்லை?

டார்ச்வெளிச்சம்:
2012ல் விடுதி அறையில் நான்கு பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து ஸ்லெண்டர் விளையாட்டை ஆடியவன் நான். இருட்டுக் காடு, கையில் ஒரு டார்ச், மரத்திலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் எட்டுத் தாள்களைத் தேடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சண்டை போட ஆயுதம் எதுவும் கிடையாது. தாள் சேரச் சேர முகமே இல்லாத நெட்டை உருவமான ஸ்லெண்டர் மேன் நெருங்கி வருவான், நேராகப் பார்த்துக்கொண்டே நின்றால் திரை புள்ளிபுள்ளியாகி இரைச்சல் ஏறும், அதனால் கண்ணில் பட்டவுடன் திரும்பி ஓட வேண்டும். ஐந்தாவது தாளுக்கு மேல் எங்களில் ஒருவருக்கும் மவுஸைத் தொடக் கை வரவில்லை.

அந்த நினைப்போடு நேற்று இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கை அணைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு படத்தைப் போட்டேன். மாசசூசெட்ஸில் ஒரு சிற்றூர், நான்கு தோழிகள், இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்த்து அவனை அழைக்கிறார்கள், மூன்று மணியோசை கேட்கிறது, அப்புறம் பள்ளிச் சுற்றுலாவில் ஒருத்தி காணாமல் போகிறாள். இதுவரை சரி. அதற்கு மேல் கதை எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. தோழிகளில் ஒருத்தியான க்ளோயி ஜன்னலில் அவனைப் பார்த்து உறைந்து போகிறாள், பிறகு படமே அவளை மறந்துவிடுகிறது. பாதிக் காட்சிகளில் யார் முகமும் தெரியாத அளவுக்கு இருட்டு, டிவியின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்தும் பயனில்லை. நான் ஏதாவது தவற விட்டேனா, இல்லை படமே இப்படித்தானா? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பழையகேசட்:
நீங்கள் எதையும் தவற விடவில்லை நண்பரே, படத்திலேயே இல்லாததை எங்கே போய்த் தேடுவீர்கள். 2018 ஜனவரியில் வந்த டிரெய்லரை ஒருமுறை பாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஒரு பெண் அறுவைக் கத்தியால் தன் கண்ணில் குத்திக்கொள்ளும் காட்சி வரும். படத்தில் அது கிடையாது. டிரெய்லரில் பார்த்த வேறு சில காட்சிகளும் கிடையாது. மே மாதம் வருவதாக இருந்த படம் ஆகஸ்ட் 10க்குத் தள்ளிப் போனது, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெற்றோர் கவனத்தோடு அனுமதிக்கலாம் என்ற அளவிலான சான்றிதழோடு வெளிவந்தது. க்ளோயி பாதியில் மறைந்து போவது திரைக்கதையில் இருந்த ஓட்டையாக எனக்குத் தோன்றவில்லை, கத்தரி விழுந்த இடம் மாதிரிதான் இருக்கிறது. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது, நமக்குத்தான் காட்டவில்லை என்ற உணர்வு படம் முழுக்க வந்துகொண்டே இருந்தது. உலகம் முழுக்கச் சுமார் 5 கோடி டாலர் வசூல் என்பதால் தயாரித்தவர்களுக்குப் பெரிய நஷ்டம் இருந்திருக்காது. ஏமாந்தது நாம்தான்.

நிழற்படம்:
வெட்டியதை எல்லாம் திரும்ப ஒட்டியிருந்தாலும் இந்தப் படம் நின்றிருக்காது என்பது என் எண்ணம். இந்தக் கதை பிறந்த விதத்தைப் பாருங்கள். 2009 ஜூன் 10, சம்திங் ஆஃபுல் என்ற அமெரிக்கத் தளத்தில் சாதாரணப் புகைப்படங்களைப் பேய்ப்படம் மாதிரி மாற்றிப் போடும் போட்டி நடந்துகொண்டிருந்தது. எரிக் நுட்சன் என்பவர் விக்டர் சர்ஜ் என்ற பெயரில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களைப் போட்டார். ஒன்றில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தால் எந்த ஊர்ப் பூங்காவிலும் எடுத்திருக்கக்கூடிய படம். பின்னால் மர நிழலில் நெட்டையாக ஒருவன் நிற்பது இரண்டாம் பார்வையில்தான் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. அடியில் ஒரு குறிப்பு: நூலகம் ஒன்று தீப்பிடித்தபோது மீட்ட இரண்டு படங்களில் ஒன்று, 14 குழந்தைகள் காணாமல் போன அன்று எடுத்தது, அந்த உருவம் படச்சுருளின் கோளாறு என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள், எடுத்தவரையும் காணவில்லை. எல்லாம் கற்பனைதான், ஆனால் அந்த "படச்சுருளின் கோளாறு" என்ற சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை. அவன் யார், எங்கிருந்து வந்தான், பிள்ளைகளை என்ன செய்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது.

அந்த இடைவெளியை ஆளாளுக்கு நிரப்பினார்கள். ஒருவர் போலிப் பத்திரிகைச் செய்தி எழுதினார், ஒருவர் பழைய மரச்செதுக்கு ஓவியம் மாதிரி வரைந்து போட்டார், ஒருவர் விளையாட்டு செய்தார். யாருமே முழுக்கதை சொல்லவில்லை. படம் எடுத்தவர்கள் இதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, பார்த்தவரைப் பிடிக்கும் சபிக்கப்பட்ட வீடியோவைக் கொண்டு வந்து வைத்தார்கள். அதை ஜப்பான்காரர்கள் 1998லேயே எடுத்துக் காட்டிவிட்டார்கள். ஸ்லெண்டர் மேனை யாரும் மணியடித்துக் கூப்பிட வேண்டாம், நாம் எடுத்த புகைப்படத்தில் அவன் ஏற்கெனவே நிற்கிறான் என்பதுதானே பயம்!

மூன்றாம்வரிசை:
நிழற்படம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. படத்தில் எதுவுமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உருவமாக நடித்தவர் ஹாவியர் போட்டெட், ஸ்பெயின்காரர். மார்ஃபான் என்ற மரபுக் குறைபாட்டோடு பிறந்தவர், சுமார் இரண்டு மீட்டர் உயரம், மெலிந்த உடம்பு, கை விரல்கள் இயல்பிலேயே நீளம். அவர் ஒரு மரத்தின் பின்னாலிருந்து மெதுவாக அடி எடுத்து வைத்தாலே போதும், எந்த வரைகலையும் வேண்டாம். அப்படிப்பட்ட ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேல் கணினியில் வரைந்த கொடிகளை முளைக்க விட்டார்கள். எனக்குப் பெரிய வருத்தம் அதுதான். காட்டில் அவர் அசையாமல் நிற்கும் ஓரிரு நொடிகளில் மட்டும் முதுகு சில்லிட்டது, அந்த நொடிகள் நன்றாகவே இருந்தன. தோழிகளில் ஒருத்தியாக வரும் ஜோயி கிங்கும் தன் பங்குக்கு உழைத்திருக்கிறார், அவர் நடிப்பில் குறை சொல்ல முடியாது.

மழைஜன்னல்:
படம் நன்றாக இல்லை என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 2014 மே 31, விஸ்கான்சின் மாநிலத்தில் வாக்கெஷா என்ற ஊர். 12 வயதுச் சிறுமிகள் இரண்டு பேர், கூடப் படித்த தோழியைக் காட்டுக்குள் கூட்டிப் போய் 19 இடங்களில் குத்தினார்கள். ஸ்லெண்டர் மேனுக்கு ஊழியம் செய்யத் தங்களை நிரூபிக்க வேண்டும், அப்புறம் காட்டில் இருக்கும் அவன் மாளிகைக்குப் போய் வாழலாம் என்று நம்பியிருக்கிறார்கள். குத்துப்பட்ட பெண் ஊர்ந்தே சாலைக்கு வந்து, சைக்கிளில் போன ஒருவர் கண்ணில் பட்டுப் பிழைத்தாள். குத்திய இருவரையும் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது.

இது நடந்து நான்கே வருடத்தில், பதின்வயதுத் தோழிகள், இணையம், காடு என்று அதே சாயலில் ஒரு படம். குத்திய சிறுமிகளில் ஒருத்தியின் அப்பாவே இப்படி ஒரு படம் எடுப்பதைக் கண்டித்துப் பேசினார், அந்த வட்டாரத்தில் மார்கஸ் திரையரங்குகள் மில்வாக்கி, வாக்கெஷா மாவட்டங்களில் படத்தைத் திரையிடவே இல்லை. ஒன்று, அந்தச் சம்பவத்தின் பக்கமே போகாமல் வேறு கதை எடுத்திருக்க வேண்டும். இல்லை, ஒரு பொய்ப் புகைப்படம் எப்படி ஒரு குழந்தையின் மனதுக்குள் உண்மையாகிறது என்பதை மரியாதையோடு எடுத்திருக்க வேண்டும். இவர்கள் வலியைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். 2016ல் எச்பிஓ தொலைக்காட்சி இந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தது, அதில் அந்தச் சிறுமிகளின் பெற்றோர் பேசுவதைக் கேட்டுவிட்டு நான் என் மகளின் அறைக்குப் போய் அவள் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டார்ச்வெளிச்சம்:
மழைஜன்னல், இந்தச் சம்பவம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. படித்ததும் படத்தின் மேல் இருந்த எரிச்சலே வேறு மாதிரி ஆகிவிட்டது. நிழற்படம் சொன்ன அந்த இரண்டு புகைப்படங்களையும் இப்போதுதான் தேடிப் பார்த்தேன், பூங்காப் படத்தில் அவனைக் கண்டுபிடிக்கச் சில நொடி ஆனது, கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரப் படம் செய்யாததை ஒரு பழைய புகைப்படம் செய்துவிட்டது. இதே மாதிரி பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா?

பழையகேசட்:
மார்பிள் ஹார்னெட்ஸ் என்ற இணையத் தொடரைப் பாருங்கள். அந்தப் புகைப்படங்கள் வந்த அதே மாதம் அதே தளத்தில் முளைத்து யூடியூபுக்குப் போனது, 2014 வரை ஓடியது. கல்லூரி வயதுப் பையன்கள் கைக்கேமராவில் எடுத்தது. பாதியில் கைவிட்ட ஒரு மாணவர் படத்தின் டேப்புகளை நண்பன் ஒருவன் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான், அதுதான் கதை. சில பதிவுகளில் ஒலியே இருக்காது, உங்கள் ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, திரையின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள், பேசுகிறவர்களை மட்டும் பார்த்தால் அவன் வந்து நிற்பதும் தெரியாது, போனதும் தெரியாது.