பூட்டிய வீட்டு அண்டா சொல்லிக்கொடுத்தது

நான் படித்தது கணிதம். காரைக்குடியில் எம்.எஸ்சி. படிக்கும்போது, 1976-இல் ராபர்ட் மே என்ற விஞ்ஞானி அலசிய ஒரு வரிச் சமன்பாட்டை வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். இந்தத் தலைமுறையில் இத்தனை பூச்சி என்றால் அடுத்த தலைமுறையில் எத்தனை என்று சொல்லும் கணக்கு. பெருக்க வீதம் 3-ஐத் தாண்டினால் எண்ணிக்கை ஏறி இறங்கும், ஏறக்குறைய 3.57-ஐத் தாண்டினால் தாறுமாறாகத் துள்ளும். அன்று இரவெல்லாம் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பூச்சிக் கணக்கில் விழுந்தது அப்படித்தான்.

ஆய்வுக்கு டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவை எடுத்தேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சமன்பாடு. மழை நின்று தண்ணீர் வற்றினால் என் கணக்கில் எல்லாம் பூஜ்யம்.

அப்புறம் காரைக்குடி பக்கத்துக் கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டில் புழு எண்ணப் போனேன். சொந்தக்காரர்கள் வெளியூரில், வருடத்தில் பாதி நாள் பூட்டுத்தான். ஓட்டிலிருந்து வழியும் மழைநீரைப் பிடிக்க வளவு முற்றத்தில் அண்டாக்கள். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தவை. ஒரு ராத்திரி மழை பெய்தது, மறுநாள் மத்தியானமே உள்ளே புழு நெளிந்தது. ராத்திரியே கொசு வந்து முட்டையிட்டிருந்தாலும் அதற்குள் பொரிக்காதே!

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அதிசயப்படவில்லை. "காஞ்ச அண்டாவுல தண்ணி ஊத்துனாலே வரும் தம்பி. கவுத்து வச்சா மட்டும் போதாது, நாரு போட்டுத் தேய்க்கணும்" என்றார்.

அவர் தேய்க்காத ஒரு காய்ந்த அண்டாவில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, கொசுவலையால் இறுக்கிக் கட்டினேன். மறுநாள் புழு. ஏடிஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் சமன்பாட்டில் அதற்கு இடமே வைக்கவில்லை.

காய்ந்த முட்டைக்கென ஐந்தாவது நிலை ஒன்றைச் சேர்த்தேன். தண்ணீரைக் கொட்டுவதும் சுவரைத் தேய்ப்பதும் கணக்கில் வேறுவேறு வேலையாகப் பிரிந்தன. கொட்டினால் அப்போதிருக்கும் புழு மட்டும் போகிறது, அடுத்த மழைக்கு வரைபடத்தில் கொசுவின் கோடு திரும்ப ஏறுகிறது. தேய்த்தால்தான் ஏறாமல் நிற்கிறது. அந்த வரைபடத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது உள்பகுதியில், இருக்கும் கிடாரம் என்ற பெரிய பாத்திரத்தையும் பார்க்கச் சொன்னார். அதை நான் எண்ணவே இல்லை.