சூனிய வழக்குகளில் ஒப்புதல் வாக்குமூலங்கள் எப்படி ஒன்றுபோல் இருந்தன?

மருதநிழல்:

வணக்கம். ஐரோப்பாவில் ஏறத்தாழ 1450 முதல் 1750 வரை நடந்த சூனிய வழக்குகளைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம், அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்பதே இன்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கும் கணக்கு. என் ஐயம் எண்ணிக்கையைப் பற்றியதன்று. ஒருவரையொருவர் பார்த்தே இராத ஊர்க்காரர்கள், சாத்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கை, கோலிலோ ஆட்டின்மீதோ ஏறிப் பறந்தது, நள்ளிரவுக் கூட்டத்தில் ஆடியது, பயிரை அழித்தது என்று ஒரே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். வதை தாங்காமல் பொய் சொன்னார்கள் என்றால், அந்தப் பொய்கள் ஏன் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன? போதாக்குறைக்குச் சில ஆவணங்களில் ‘வதையின்றி ஒப்புக்கொண்டார்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்று என் மைத்துனர் கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வாய்தா வக்கீல்:

உங்கள் மைத்துனரின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம், நண்பரே. அக்கால நீதிபதிகளும் அதையேதான் கேட்டார்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில், 1532-இல், ஜெர்மானியப் பகுதிகளுக்காக வெளிவந்த கரோலினா என்னும் குற்றவியல் தொகுப்பின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்தை மெய்ப்பிக்க நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். இல்லையேல் குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தர்ப்ப சாட்சியங்கள் எத்தனை குவிந்தாலும் அவற்றைக் கொண்டு தண்டிக்க முடியாது. வதைக்கு அனுமதி தர மட்டுமே அவை உதவும். படிக்கும்போது இது நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. ஆனால் அடுத்த வீட்டு மாட்டின் மடி வற்றும்படி ஒருத்தி மந்திரம் போட்டதை எந்த இருவர் கண்ணால் கண்டிருக்க முடியும்? ஆகவே சூனிய வழக்கில் ஒப்புதல் ஒன்றே வழியாயிற்று. ஒப்புதலுக்கு வதை ஒன்றே வழியாயிற்று.

‘வதையின்றி’ என்ற சொல்லின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. வதையின்போது சொன்னதைப் பிறகு வதைக்கூடத்துக்கு வெளியே மீண்டும் சொன்னால்தான் அது செல்லும். மறுத்தால் மறுபடியும் உள்ளே அழைத்துச் செல்வார்கள். இதை அறிந்தவர் வெளியே என்ன சொல்வார்? எழுத்தர் அதைத்தான் ‘தாமாக முன்வந்து’ என்று பதிவு செய்தார். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது என்று நம் பழைய சாட்சியச் சட்டம் 1872-இலேயே 25-ஆம் பிரிவில் ஏன் எழுதி வைத்தது என்று இளம் வழக்கறிஞர்கள் கேட்கும்போது, நான் இந்த வழக்குகளைத்தான் படிக்கச் சொல்வேன்.

கதை ஒன்றுபோல் இருந்ததற்குக் காரணம், கேள்விகள் ஒன்றுபோல் இருந்ததே. பல நீதிமன்றங்களில் கேள்விப் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருந்தது. ‘சாத்தானைச் சந்தித்தாயா?’ என்று கேட்கமாட்டார்கள். ‘எந்த ஆண்டில், எந்த உருவில் வந்தான்?’ என்றுதான் கேட்பார்கள். தண்டனை நாளில் வாக்குமூலத்தை ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படிக்கும் வழக்கமும் இருந்தது. அதைக் கேட்டவர்களில் ஒருவர் அடுத்த மாதம் பிடிபட்டால், சொல்ல வேண்டிய கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். நம்மூரில் மோகினியைப் பற்றி யாரைக் கேட்டாலும் வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ வாசம், நடுநிசி என்று தடங்கலின்றிச் சொல்வார்கள். அவர்களில் ஒருவரும் மோகினியைப் பார்த்ததில்லை.

பழைய ஏடு:

வக்கீல் ஐயா சொன்னதற்கு ஒரு வழக்கையே சான்றாகத் தரலாம். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்தில் இளவரச ஆயர் யோஹான் கெயோர்க் ஃபுக்ஸ் ஃபோன் டோர்ன்ஹைம் ஆண்ட காலத்தில் பல நூறு பேர் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். 1626 மே மாத இறுதியில் பெய்த உறைபனியில் அந்த வட்டாரத்துத் திராட்சையும் தானியமும் கருகிப்போனதும், அதற்கு யாரையாவது பொறுப்பாக்க வேண்டும் என்று மக்களே ஆட்சியாளர்களை நெருக்கியதும் அதற்குப் பின்னணி. சூனிய வழக்கினருக்கென்றே அங்கு 1627-இல் தனிச் சிறையும் கட்டப்பட்டது. ஏழைக் கிழவிகள் மட்டுமே பிடிபட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பிடிபட்டவர்களில் யோஹான்னெஸ் யூனியுஸ் என்பவர் அந்நகரத்தின் மேயராக இருந்தவர். அப்போது அவருக்கு வயது 55.

அவர் வழக்கில் இரண்டு ஆவணங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று நீதிமன்றப் பதிவேடு. மற்றொன்று, 1628 ஜூலை 24 அன்று சிறையிலிருந்து மகள் வெரோனிக்காவுக்கு அவர் கள்ளத்தனமாக எழுதிய கடிதம். ஜூன் 30-ஆம் தேதி கட்டைவிரல் திருகும், கால் திருகும், கைகளைப் பின்னே கட்டிக் கயிற்றில் மேலே இழுக்கும் வதையும் நடந்ததாகப் பதிவேடு சொல்கிறது. ஜூலை 5-ஆம் தேதி, ‘வதையின்றி, ஆனால் வற்புறுத்தி அறிவுரை கூறியதன்பேரில்’ ஒப்புக்கொண்டாராம். மருதநிழல் அவர்கள் கேட்ட சொல் அதுவே. அந்த ஐந்து நாள் இடைவெளியில் என்ன நடந்தது என்பதைக் கடிதம்தான் சொல்கிறது. ‘ஐயா, கடவுள் பெயரால் கேட்கிறேன், உண்மையோ பொய்யோ ஏதாவது ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள், எதையாவது கற்பித்துச் சொல்லுங்கள், உங்களுக்குச் செய்யப்போவதை உங்களால் தாங்க முடியாது’ என்று அவரிடம் மன்றாடியவர் வதை செய்த கொலைஞரே. யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்ட யூனியுஸ், தோட்டத்தில் ஒரு பெண் வந்ததாகவும் அவள் ஆடாக மாறியதாகவும் ஒரு கதையைக் கட்டினார்.

கதையோடு விடவில்லை, உடன் ஆடியவர்களின் பெயர்கள் வேண்டும் என்றார்கள். யாரையும் தெரியாது என்றபோது, நகரத்தின் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தத் தெருவில் யார், இந்தத் தெருவில் யார் என்று கேட்டார்கள். சந்தைத் திடலில் தினமும் பழகும் ஒருவனை இவன் மறைக்கிறான் என்று விசாரணையாளர் அதட்டியபோது, அவர்கள் யாரைக் குறிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அந்தப் பெயரையும் சொன்னார். பிறகு, என்ன தீங்கு செய்தாய் என்ற கேள்வி வந்தது. பிள்ளைகளைக் கொல்லச் சாத்தான் சொன்னதாகவும், அதற்குப் பதிலாக ஒரு குதிரையைக் கொன்றதாகவும் சொன்னார், போதவில்லை. தேவாலயத்தில் புனிதமாகக் கருதப்படும் நற்கருணை அப்பத்தை எடுத்துப் புதைத்தேன் என்றார். ‘அதைச் சொன்னதும் என்னை விட்டுவிட்டார்கள்’ என்று மகளுக்கு எழுதுகிறார். அடியாத மாடு படியாது என்பார்கள்; அடித்தால் மனிதன் எதற்கும் படிவான் என்பதை இந்தக் கடிதத்தில் படித்தபோது, அந்தப் பழமொழியை வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்லிவந்த முப்பது ஆண்டுகளை எண்ணி வெட்கப்பட்டேன்.

தேன்சிட்டு:

இருவரும் எழுதியது சரியே. ஆனால் வதை ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். ஸ்பெயினின் பாஸ்க் பகுதி வழக்குகளில், 1610 நவம்பரில் லொக்ரோஞ்யோ நகரில் 6 பேர் எரிக்கப்பட்டார்கள்; சிறையிலேயே இறந்துபோன 5 பேருக்காக அவர்களுடைய உருவப் பொம்மைகளும் எரிக்கப்பட்டன. அந்த வழக்கின் விசாரணையாளர் மூவரில் ஒருவரான அலோன்ஸோ தெ ஸலாஸார் ஃப்ரியாஸ், அடுத்த ஆண்டு மன்னிப்பு ஆணையோடு மலைக்கிராமங்களுக்குச் சென்றார். அவரிடம் 1,802 பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். பிரசங்கமும் பயமும் அக்கம்பக்கத்தாரின் நெருக்குதலுமே அவர்களைப் பேசவைத்தன.

அவரிடம் எனக்குப் பிடித்தது, அவர் எதையும் சோதித்துப் பார்த்ததுதான். கூட்டம் நடந்த இடத்தைக் காட்டுமாறு ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப்போய்க் கேட்டபோது, சொன்னவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஒப்படைக்கப்பட்ட தைலங்களை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆக, மருதநிழல் அவர்களே, எழுத்தர் எழுதிய தாளில்தான் எல்லாக் கதைகளும் ஒன்றுபோல் இருந்தன. துருவிக் கேட்டால் ஒற்றுமை சிதறியது. அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவரும் இல்லை என்று ஸலாஸார் அறிக்கை அனுப்பினார். 1614-இல், திருச்சபையின் விசாரணை அமைப்பான இன்குவிசிஷனின் தலைமை மன்றம் அவர் கருத்தை ஏற்று, சூனியக் குற்றச்சாட்டுகளை எளிதில் நம்பாதபடி சான்று விதிகளைக் கடுமையாக்கியது.

மருதநிழல்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி: சேலம் வழக்குகளில் (நம் சேலம் அன்று, மாசசூசெட்ஸில் உள்ளது) எரியூட்டுவதற்குப் பதில் தூக்குத்தண்டனை இருந்தது, ஜெர்மனியைப் போன்ற வதைக்கூடமும் இல்லை. பிறகு ஏன் அங்கும் அத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள்?

வாய்தா வக்கீல்:

அங்கே கணக்கு தலைகீழ். 1692-இல் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒப்புதலில் உறுதியாக நின்ற எவரும் அவர்களில் இல்லை. குற்றத்தை மறுத்தவர்களே இறந்தார்கள். சாமுவேல் வார்ட்வெல் என்பவர் முதலில் ஒப்புக்கொண்டு, பின்பு அதைத் திரும்பப் பெற்றார். செப்டம்பர் 22 அன்று அவரும் தூக்கிலிடப்பட்டார். இதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒப்புக்கொண்டால் உயிர் மிஞ்சும், ஆனால் இன்னும் சில பெயர்களைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை.

பழைய ஏடு:

மைத்துனரிடம் சொல்ல ஒரு செய்தி விடுபட்டுவிட்டது. நசுங்கிய கைகளால் பல நாள் எடுத்து எழுதிய அந்தக் கடிதத்தின் ஓரத்தில் யூனியுஸ் ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார். தமக்கு எதிராக ஆறு பேர் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னதாகவும், அவர்களில் ஆயரின் தலைமை அமைச்சரும் அவர் மகனும் இருந்ததாகவும் பெயர்களோடு எழுதிவிட்டு, அனைத்தும் கட்டாயத்தால் வந்த பொய் என்று அவர்களே தம்மிடம் கூறி, கொல்லப்படுவதற்கு முன் கடவுள் பெயரால் தம்மிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்கிறார்.