புதுப்பிப்பு: நேபாளத் தன்னார்வப் பயணம்

நேபாளத்தில் ஓர் அநாதை இல்லத்தில் தன்னார்வப் பணி செய்யப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போகவில்லை. ஏஜென்சி கேட்ட பணம் காரணமில்லை. அங்கே இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். காசு கட்டி வரும் வெளிநாட்டவரிடம் காட்டிச் சம்பாதிக்கவே கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவருவதும் நடக்கிறது. ஆஸ்திரேலியா 2018-லேயே இதை நவீன அடிமைமுறை என்று ஏற்றுக்கொண்டது.

சரி, ஊர் சுற்றும் ஆசை விடுமா? தன்னார்வலர்களை இயற்கை விவசாயப் பண்ணைகளோடு இணைத்துவிடும் வூஃப் (WWOOF) என்ற அமைப்பு 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் வழியாக நேபாளத்திலேயே ஒரு பண்ணைக்கு எழுதியிருக்கிறேன். அரை நாள் வேலை. பதிலுக்குச் சாப்பாடு, தங்க இடம். "சம்பளமில்லாமல் அங்கே போய்க் களை பறிப்பதற்கு நம்ம வயலில் பறியேன்" என்கிறார் அம்மா. நியாயம்தான்! அப்புறம், ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயதினருக்குத் தனிப் பிரிவு உண்டு; செலவுக்குப் படியும் தருகிறார்கள். அதிலும் பதிந்துவிட்டேன்.