70-க்குப் பெயர்: ‘விந்தை எண்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

கணிதத்தில் ‘வியர்ட் நம்பர்’ (weird number) எனப்படும் எண்வகைக்குத் தமிழில் ‘விந்தை எண்’ என்று முந்தைய மடலில் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். சொல் இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. 70-ஐ எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

70-இன் வகுத்திகளில் (அதை மீதியின்றி வகுக்கும் எண்களில்) 70-ஐ விட்டுவிட்டால் மற்றவை 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினால் 74. எண்ணைவிடக் கூட்டுத்தொகை பெரிது, ஆகவே இது மிகையெண். 12-உம் மிகையெண்தான்: 1+2+3+4+6 = 16. ஆனால் அதில் 2, 4, 6 மூன்றை மட்டும் பொறுக்கிக் கூட்டினால் சரியாக 12 வந்துவிடும். 70-இல் இது நடக்காது. 74-இலிருந்து 4 குறைய வேண்டும். 4-க்கு மேற்படாத வகுத்திகள் 1, 2 மட்டுமே, இரண்டையும் விட்டாலும் 3-தான் குறையும். தேவைக்கு மேல் கையில் இருந்தும் கணக்கு நேராவதில்லை! இத்தகைய எண்களே ‘வியர்ட் நம்பர்’; அவற்றில் 70-தான் மிகச் சிறியது. அடுத்தது 836.

இந்தக் குணம் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் கருத்து. ‘விந்தை’ எதற்கும் பொருந்தும். 1 முதல் 24 வரையுள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 4900, அதாவது 70-இன் வர்க்கம், வருகிறதே, அதுவும் விந்தைதான். ஆனால் அது வேறு சங்கதி.

வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடச் சிறிதானால் குறைவெண், சமமானால் நிறைவெண், பெரிதானால் மிகையெண் என்று ஒரு வரிசை இருக்கும்போது அதை ஒட்டியே போகலாம். என் பரிந்துரை: நிறையா மிகையெண். வாடா மலர், அணையா விளக்கு போல இயல்பான தமிழ் அமைப்பு. சொற்றொடரில் வைத்துப் பாருங்கள்: ‘70-ஐ 144-ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணால் பெருக்கினாலும் நிறையா மிகையெண்ணே கிடைக்கும்.’ 149-ஆல் பெருக்கினால் 10430. அப்புறம், கணித அறிஞர்கள் பென்கோஸ்கியும் ஏர்டோசும் 1974-இல் இவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதிய காலத்திலிருந்து விடை கிடைக்காத கேள்வி: ‘ஒற்றைப்படை நிறையா மிகையெண் உண்டா?’ இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. பெயர் சற்று நீளம்தான், ஆனால் பள்ளி மாணவருக்கும் விளக்கமின்றிப் புரியும்.

12 போல, வகுத்திகளில் வேண்டியவற்றைத் தேர்ந்து கூட்டினால் அதே எண் வருபவற்றுக்குத் ‘தேர்நிறைவெண்’ என்று யோசித்தேன். ஒரு சிக்கல்: 6 = 1+2+3 என்பதும் இந்த வகையில் அடங்க வேண்டும், அங்கே எதையும் விடுவதில்லை. ‘தேர்’ என்றால் சிலவற்றை விட்டே ஆக வேண்டும் என்று படுகிறதா? இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.