எக்ஸ்பி லோகோ வருகிறது, நீலத்திரை மின்னி மறைகிறது, திரும்பவும் முதலிலிருந்து… வெள்ளிக்குள் ஒரு கல்வெட்டுப் புத்தகம் முடிக்க வேண்டும்

ஒழுங்கை முனை அக்கா:

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, லமினேற்றிங், ரீலோட், அப்புறம் தமிழ் டைப்செற்றிங். கடைசியில் சொன்னதுதான் எனக்குச் சோறு போடுவது. கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு (இறந்தவரின் நினைவாக அச்சிடும் புத்தகம்) எல்லாமே 2012இல் வாங்கிய ஒரே டெஸ்க்டொப்பில்தான். எச்61 மதர்போர்ட், ஐ3 புரொசசர், 4 ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. சிரிக்க வேண்டாம். பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7உம் பாமினி எழுத்துருவும் அதில்தான் இருக்கின்றன. எம் அடித்தால் அ வரும் என்று என் விரலுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை பட்டனை அழுத்தினேன். கறுப்புத்திரையில் செக்சம் பிழை என்று ஏதோ வந்தது, எப்1 அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். எக்ஸ்பி லோகோ வந்து, கீழே அந்தக் குட்டிப் பட்டி இரண்டு மூன்று தரம் ஓடியது. பிறகு ஒரு நீலத்திரை. கண்ணை மூடித் திறப்பதற்குள் அது போய், மெஷின் தானாகவே திரும்பத் தொடங்கியது. அன்று முழுக்க இதே கூத்து.

வழமையாகத் திருத்துகிற தம்பி வந்து பத்து நிமிடம் பார்த்தார். "அக்கா, ஹார்ட் டிஸ்க் போயிட்டுது. டேட்டா எடுக்க முப்பத்தையாயிரம் வரும், மெஷினைப் பழைய இரும்புக்குப் போடுங்கோ" என்றார். டிஸ்க்கில் டக் டக் என்று ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்கு மனம் கேட்கவில்லை.

உள்ளே இருப்பது கொட்டாஞ்சேனையில் தவறிப்போன ஓர் அம்மாவின் கல்வெட்டு. 48 பக்கம், 31 முடித்துவிட்டேன். ஞாயிறு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. வெள்ளி பின்னேரம் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். உண்மையில் டிஸ்க்தானா?

ராம் வைத்தியர்:

ராமைக் கழற்றி, தங்க நிறத் தொடுகையை அழிறப்பரால் தேய்த்துவிட்டுப் போடுங்கோ. கடல்காற்று அடிக்கிற இடத்தில் பாதிக் கோளாறு அதோடு தீரும்.

ஒழுங்கை முனை அக்கா:

செய்தேன் அண்ணா, மகளின் அழிறப்பரால். கேசிங் ஸ்குரூ நாலில் இரண்டு துருப்பிடித்து இறுகிப்போய், கத்தி முனை போட்டுத்தான் திருப்பினேன். உள்ளே பவர் சப்ளைக்குப் பின்னால் பல்லி முட்டை இரண்டு. ஒன்று ஏற்கெனவே பொரித்துவிட்டது. ராமைத் திரும்ப மாட்டினேன், அதே நீலத்திரைதான்.

தெஹிவளைத் தம்பி:

அக்கா, இந்தக் காலத்தில் எக்ஸ்பியோடு மல்லுக்கட்டுவதா? எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கிப் புது விண்டோஸ் போட்டு, பாமினியை விட்டு யூனிகோட்டுக்கு மாறுங்கோ. எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ட் சப்போர்ட்டை நிறுத்தியே பத்து வருடத்துக்கு மேல்.

ஒழுங்கை முனை அக்கா:

2014 ஏப்ரல் 8, தெரியும் தம்பி. அதனால்தான் அதற்கு நெற் கொடுப்பதே இல்லை. ஆனால் வெள்ளிக்குள் அப்பரையும் மாணிக்கவாசகரையும் யூனிகோட்டில் திரும்ப அடிக்க இந்தக் கிழவியால் முடியாது.

புறக்கோட்டை மல்ரிமீற்றர்:

எல்லோரும் கொஞ்சம் பொறுங்கோ. அக்கா, மூன்று கேள்வி. ஒன்று, இரவில் மெஷினைச் சுவர் சுவிட்சிலும் நிற்பாட்டுவீர்களா? இரண்டு, கொஞ்சக் காலமாகக் காலையில் மணிக்கூடு பின்னுக்கு நின்றதா? மூன்று, மெஷின் தொடங்கும்போது எப்8ஐத் தட்டிக்கொண்டே இருங்கோ. ஒரு மெனு வரும். அதில் பிழை வந்தால் தானாக றீஸ்ராட் ஆவதை நிறுத்துகிற வரி இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் நீலத்திரை அப்படியே நிற்கும். கீழே பூச்சியம் பூச்சியமாக வருகிற இலக்கத்தின் வால் என்ன என்று சொல்லுங்கோ.

ஒழுங்கை முனை அக்கா:

சாத்திரம் பார்த்த மாதிரிக் கேட்கிறீர்கள். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களிலிருந்து கடை பூட்டும்போது சுவரில் நிற்பாட்டித்தான் போவேன். மணிக்கூடு இரண்டு மூன்று மாதமாகப் பிந்தித்தான் நின்றது. நான் அதை விண்டோஸின் தலையில் போட்டேன். இலக்கத்தின் வால் 7பி.

புறக்கோட்டை மல்ரிமீற்றர்:

அப்படியென்றால் டிஸ்க்கைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

போர்டில் ஒரு ரூபாக் குற்றி அளவில் சீஆர் 2032 என்று ஒரு பற்றரி இருக்கும், 3 வோல்ட். சுவரில் கரண்ட் இருக்கும் மட்டும் பவர் சப்ளையே மணிக்கூட்டையும் பயோஸ் (விண்டோஸுக்கு முதல் மெஷினை எழுப்புகிற மென்பொருள்) செற்றிங்கையும் காப்பாற்றும். நீங்கள் சுவரில் நிற்பாட்டியதும் அந்தச் சுமை பற்றரியில் விழும். பற்றரி இறங்க இறங்க முதலில் மணிக்கூடு பிந்தும். பிறகு ஒருநாள் செற்றிங் எல்லாம் அழிந்து, போர்ட் கொம்பனியில் வந்த நிலைக்குப் போய்விடும். அதுதான் திங்கட்கிழமை செக்சம் பிழை.

இனி நீலத்திரை. எச்61 போர்டுகள் பலவற்றில் டிஸ்க்கோடு பேசும் முறை கொம்பனியிலேயே ஏஎச்சிஐ என்று இருக்கும். எக்ஸ்பிக்கு அந்தப் பாஷை பிறப்பில் தெரியாது. 2012இல் உங்களுக்கு எக்ஸ்பி போட்டவர் அதை ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றித்தான் போட்டிருப்பார். இப்போது அது பழையபடி ஏஎச்சிஐ ஆகிவிட, எக்ஸ்பி தன் டிஸ்க்கைத் தானே காணாமல் 7பி என்று கத்துகிறது. 7பிக்கு வேறு காரணமும் உண்டு, ஆனால் செக்சம் பிழை வந்த அதே காலையில் என்றால் நான் இதில்தான் காசு கட்டுவேன்.

சுவரில் நிற்பாட்டி, வயரையும் கழற்றிவிட்டு, பற்றரியை மாற்றுங்கோ. கூட்டல் அடையாளம் மேலே. பிறகு தொடங்கும்போது டிலீற் கீயைத் தட்டி பயோஸுக்குள் போய், சாட்டா மோட் என்பதை (டிஸ்க்கோடு பேசும் முறை அதுதான்) ஐடிஇ ஆக்கி, எப்10 அழுத்திச் சேமியுங்கோ. இதெல்லாம் முடியும் வரை எக்ஸ்பி சீடியைப் போட்டு ரிப்பெயார் என்று ஒன்றும் தொடங்க வேண்டாம். கல்வெட்டு அதில் இருக்கிறது.

ஒழுங்கை முனை அக்கா:

வந்துவிட்டது.

பற்றரியைப் பிடித்திருந்த கிளிப்பை நகத்தால் தள்ளினேன், அது துள்ளி போட்டோகொப்பி மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது. தும்புத்தடியால் இழுத்தெடுத்தேன். பக்கத்து மணிக்கூட்டுக் கடைக்காரர் மீற்றரில் வைத்துப் பார்த்தார், 1.9. புதிதை அவரிடமே வாங்கினேன், இரண்டு பிளேன்டீயும் வடையும் குடிக்கிற காசுதான். பயோஸில் நீங்கள் சொன்ன இடத்தில் ஏஎச்சிஐ என்றுதான் இருந்தது. ஐடிஇ ஆக்கிச் சேமித்தேன். பட்டி ஓடியது, நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன், பச்சைப் புல்வெளிப் படம் வந்தது. 31ஆம் பக்கம் விட்ட இடத்திலேயே இருக்கிறது, திருவாசகத்தின் நடுவில்.

முப்பத்தையாயிரம் கேட்ட தம்பிக்கு இதைச் சொல்வதா விடுவதா என்று யோசிக்கிறேன்.

புறக்கோட்டை மல்ரிமீற்றர்:

அவரைப் பிறகு பாருங்கோ. இப்போதே பென் டிரைவ் ஒன்றில் கோப்புகளைக் கொப்பி பண்ணுங்கோ. பென் எப்ஏடி32 என்கிற கோப்பு அமைப்பில் இருக்கட்டும், பழைய எக்ஸ்பிகள் எக்ஸ்எப்ஏடி என்கிற புதிய அமைப்பை அடையாளம் காணாது. பாமினியின் எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் எடுங்கோ. அது இல்லாத மெஷினில் உங்கள் திருவாசகம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். முடிந்த பக்கங்களைப் பிடிஎப் ஆக்கியும் வையுங்கோ. கடைக்கு வருகிறவர்களின் பென் டிரைவை மட்டும் இந்த மெஷினில் குத்த வேண்டாம்.

ஒழுங்கை முனை அக்கா:

கொப்பி பண்ணிவிட்டேன், இரண்டு பென்னில். வாடிக்கையாளர் பென்னுக்கு மகளின் லப்டொப் இருக்கிறது. ஒன்று மட்டும் பிழைத்துப்போனது. பயோஸில் திகதியைச் சரிசெய்ய மறந்துவிட்டேன். இன்று அடித்த பதினேழு பக்கமும் 2011 ஜனவரி 1 என்று சேவ் ஆகியிருக்கிறது, மெஷின் வாங்குவதற்கு முதல் வருடம். இருக்கட்டும், அச்சகத்துப் பொடியன் வாசலில் நிற்கிறான்.