ரசீதில் 420 விழுந்தால் ஏன் சிரிக்கிறோம்?

கேள்வி: ஜவுளிக்கடைக்காரன்

வணக்கம். சிறிய ஊரொன்றில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒரு பெரியவர் இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் எடுத்தார். தள்ளுபடி போக ரசீதில் 420 ரூபாய் என்று விழுந்தது. அவர் தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பில்லுலயே ஒத்துக்கிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஒரு ரூபாயைக் குறைத்து, பேனாவால் 419 என்று திருத்திக் கொடுத்தேன். பகுதி நேர வேலைக்கு வரும் கல்லூரி மாணவனும் சிரித்தான். ஆனால் அவனுக்கு அந்த எண் கஞ்சாவைக் குறிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டமே விலக்கப்பட்டுவிட்ட பின்பு, மோசடிக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள உறவு இன்னும் எத்தனை காலம் நிற்கும்?

மறுமொழி 1: வழக்குரைஞர்

ஐயா, 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 420ஆவது பிரிவு, ஒருவரை ஏமாற்றி அவருடைய பொருளை ஒப்படைக்கச் செய்வதற்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவாகிவிட்டது. புதிய சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுகள்தாம் என்பதால், 420 என்ற வீடு இடிக்கப்பட்டுவிட்டது என்றே சொல்லலாம். 302இன் கதை வேறு: கொலை 103க்குக் குடிபெயர்ந்துவிட, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறது. ஆயினும் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆகவே நீதிமன்றத்தில் 420 என்று கூப்பிடும் குரல் உடனே ஓய்ந்துவிடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவில் இருந்த தடை உத்தரவும், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 163ஆவது பிரிவின் கீழ்தான் வருகிறது. நாமோ "144 போட்டிருக்கிறார்கள்" என்றுதான் பேசுகிறோம்.

மறுமொழி 2: யாழ்ப்பாணத்தான்

உங்கள் கேள்விக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது; நீங்கள் சொல்லும் குற்றத்துக்கு அதில் 403ஆவது பிரிவு. அப்படியிருந்தும் ஏமாற்றுக்காரனைக் குறித்து "அவன் ஒரு ஃபோர் ட்வென்டி" என்று சொன்னால் எனக்கும் என் நண்பர்களுக்கும் விளக்கம் தேவைப்பட்டதில்லை. அந்தப் பொருளை நாங்கள் தமிழகத் திரைப்பட வசனங்களில் இருந்துதான் பெற்றோம். 403 என்று சொல்லி யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சட்டம் எங்களிடம் இல்லாமலே எண் வேலை செய்ததென்றால், உங்களிடம் சட்டம் போன பின்பும் அது வேலை செய்யும்.

மறுமொழி 3: பஞ்சாங்கப் பிரியன்

சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தங்கும். சந்திரன் நிற்கும் ராசி, அதற்கு முந்தையது, பிந்தையது ஆகிய மூன்றையும் கடக்க ஏழரை ஆண்டு. இந்தக் கணக்குத் தெரியாதவர்களும், சோதிடத்தையே ஏற்காதவர்களும்கூட "ஏழரையைக் கூட்டாதே" என்கிறார்கள். ஆனால் காலை ஏழரை மணிப் பேருந்துக்கு யாரும் அஞ்சுவதில்லை. சாலையோரப் பலகையில் சென்னை 420 கிலோமீட்டர் என்றிருந்தால் எவரும் சிரிப்பதில்லை. பணம் கைமாறும் இடத்தில், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே வந்து நிற்பதால்தான் உங்கள் ரசீது பேசியது. (உங்கள் மாணவன் நினைத்த 420, 1971இல் கலிஃபோர்னியாவில் சில பள்ளி மாணவர்கள் மாலை 4.20க்குக் கூடியதில் இருந்து வந்தது. அவனுக்கு அது கடிகாரம், பெரியவருக்கு அது காவல் நிலையம்.)

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. இவற்றைப் படித்துக் காட்டியபோது மாணவன், "அப்படியானால் இனி 318 என்று திட்டலாமா?" என்று கேட்டான். "அவன் சரியான முந்நூற்றுப் பதினெட்டு" என்று உரக்கச் சொல்லிப் பார்த்தோம். ஏதோ வீட்டு எண்ணைச் சொன்னது போல இருந்தது. துண்டின் விலையில் ஐந்து ரூபாய் குறைத்துவிட்டேன். அடுத்த முறை அதே மூன்றையும் எடுத்தால் 415தான் வரும்.