அம்மாவின் மாத்திரை டப்பாக்கள்

மீனா: நாளை காலை 10 மணிக்கு அம்மாவைச் சர்க்கரை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துவிட்டது. அலமாரியில் டாக்டர் எழுதித் தராத சத்து மாத்திரை டப்பாக்கள் ஆறு இருக்கின்றன. யார் எதை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று இன்றிரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

வசந்தா அத்தை: நான் கொடுத்தது கால்சியம் மட்டும்தான். மூட்டு வலிக்கிறது என்று அண்ணிதான் கேட்டார்கள்.

செந்தில்: முடி கொட்டுகிறது என்று அம்மா சொன்னதால் சித்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் அனுப்பினேன். ஒரு மாத்திரை 10 மில்லிகிராம்.

வசந்தா அத்தை: அமெரிக்க டப்பா என்றால் அண்ணி நாள் தவறாமல் சாப்பிடுவார்கள். நான் அரைத்துக் கொடுத்த கேழ்வரகு மாவு எறும்புக்குத்தான் போனது.

மீனா: கேழ்வரகைப் பிறகு பார்க்கலாம், அத்தை. கால்சியத்தை எப்போது சாப்பிடச் சொன்னீர்கள்?

வசந்தா அத்தை: காலையில், தைராய்டு மாத்திரையோடு சேர்த்து. ஒரே வாய்த் தண்ணீரில் வேலை முடியட்டுமே என்றுதான் சொன்னேன்.

ராமநாதன் சித்தப்பா: அங்கேதான் கோளாறு, வசந்தா. கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்வதால், விழுங்கிய மருந்தில் ஒரு பகுதி இரத்தத்துக்குப் போவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தை மாதம் இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டு குறைந்தால் ஏறுகிற ஹார்மோன், 9 என்று வந்ததும் 75 மைக்ரோகிராமை 100 ஆக்கினார்களே, மருந்து போதாமலா, போய்ச் சேராமலா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மீனா: ஆனால் போன வாரம் 0.2 என்று வந்திருக்கிறது, சித்தப்பா. இப்போது குறைக்க வேண்டும் என்கிறார்கள்.

ராமநாதன் சித்தப்பா: கூட்டிய அளவு அதிகமாகியிருக்கலாம், ஆனால் நடுவில் செந்திலின் டப்பாவும் வந்திருக்கிறது. பல ஆய்வுக்கூடங்களில் தைராய்டு பரிசோதனையே பயோட்டினை வைத்துத்தான் நடக்கிறது என்பதால், அதிக அளவில் அதைச் சாப்பிடுபவர்களுக்கு டிஎஸ்ஹெச் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டுத்தான் இரத்தம் கொடுக்க வேண்டும்.

செந்தில்: சித்தப்பா, இதில் தேர்வு உண்டா?

ராமநாதன் சித்தப்பா: உனக்கு மட்டும் உண்டு. மீனா, அந்த ஆறு டப்பாவில் பி12 வைட்டமின் இருக்கிறதா?

மீனா: ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை.

ராமநாதன் சித்தப்பா: பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிற, முட்டைகூடத் தொடாத அண்ணிக்கு முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். மெட்ஃபார்மின் பி12 உடலில் சேருவதைக் குறைக்கிறது. கல்லீரலில் உள்ள இருப்பு கரைய வருடக்கணக்காகும் என்பதால், பி12 குறைந்து கால் மரத்துப்போகும்போதும் சர்க்கரையால்தான் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 பரிசோதனை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேள், மீனா.

வசந்தா அத்தை: ஆக, குற்றம் என் கால்சியத்தின் மேல்தான்.

மீனா: யாரையும் குற்றம் சொல்லவில்லை, அத்தை. நாளை ஆறு டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போகிறேன். தைராய்டு பரிசோதனையை மட்டும் வியாழனுக்குத் தள்ளலாமா?

செந்தில்: தள்ளலாம். ஆனால் வியாழக்கிழமை யார் அழைத்துப் போவது?

அம்மா: குழுவில் நானும் இருக்கிறேன். பூஜை அறையில் இன்னொரு டப்பா இருக்கிறது, எதிர்வீட்டம்மா கொடுத்தது. என்ன மாத்திரை என்று மேலே எழுதவில்லை.